[ஊகம்] அடுத்த தலைமுறை எம்எக்ஸ்-5: முகம் எப்படி, முதுகு எப்படி?

#1 கோட்டோவியன்

2023 அக்டோபரில் டோக்கியோவில் மாஸ்டா அந்த ஐகானிக் எஸ்பி கான்செப்டை, அதாவது காட்சிக்கு மட்டும் செய்த மாதிரிக் காரை, திரை விலக்கிக் காட்டியதிலிருந்து எனக்கு வேறு வேலை ஓடவில்லை. அந்தச் சிவப்பு இன்னும் கண்ணுக்குள்ளேயே நிற்கிறது. மாஸ்டாவின் இரண்டு இருக்கைத் திறந்த கூரை காரான எம்எக்ஸ்-5இன் அடுத்த தலைமுறை பற்றிப் பேச்செடுத்தாலே ஆளுக்கொரு படம் வரைந்து போடுகிறார்கள். பாதிப் படங்கள் சுருங்கிப்போன ஃபெராரி, மீதிப் படங்கள் வீங்கிப்போன பொம்மை. சரி, நாமே உட்கார்ந்து ஒழுங்காக ஊகித்துப் பார்க்கலாம் என்று இந்த இழையைத் தொடங்குகிறேன்.

என் கணக்கு சுலபமானது. இப்போதைய எம்எக்ஸ்-5இன், அதாவது நான்காம் தலைமுறையான என்டியின், நீளம் 3915 மிமீ. ஐகானிக் எஸ்பி 4180. வகுத்தால் 0.937. கான்செப்டின் பக்கவாட்டுப் படத்தை அப்படியே அந்த அளவுக்குக் குறுக்கினேன். இப்போது அகலத்தைப் பாருங்கள்: 1850ஐ அதே விகிதத்தில் குறுக்கினால் 1733. என்டியின் அகலம் 1735! இரண்டே மில்லிமீட்டர் வித்தியாசம். இதைத் தற்செயல் என்று என்னால் நம்ப முடியவில்லை. அடுத்த எம்எக்ஸ்-5ஐ வரைந்து, அதைப் பெரிதாக்கி மேடையில் நிறுத்தியிருக்கிறார்கள் என்பதுதான் என் கட்சி.

படம் 1ஐ இணைத்திருக்கிறேன். திட்டலாம், ஆனால் காரணம் சொல்லித் திட்டுங்கள்.

#2 தூங்குகண்

படம் அருமை. ஒரே ஒரு கேள்வி. முதல் எம்எக்ஸ்-5இல் போல ஹெட்லைட் மேலே எழுமா?

#3 மூன்றாம்கியர்

நான் எப்போதும் சொல்வதுதான். வெளியே எப்படி இருந்தால் என்ன? ஓட்டும்போது நாம் உள்ளேதானே இருக்கிறோம். எடை கூடாமல் இருக்கட்டும், கியர் கையால் போடுவதாக இருக்கட்டும். மூஞ்சியை யார் வேண்டுமானாலும் வரையட்டும்.

#4 பின்சீட்டுக்காரன்

மூன்றாம்கியர், உள்ளே உட்கார்ந்தாலும் அந்த காரின் வடிவத்தைத்தான் நீங்கள் பார்த்துக்கொண்டிருக்கிறீர்கள். என்டியில் ஸ்டீயரிங்குக்கு மேலே இரண்டு பக்கமும் முன் மட்கார்டு மேடு எழுந்து நிற்கும், கவனித்திருப்பீர்கள். வளைவுக்குள் போகும்போது சக்கரம் எங்கே இருக்கிறது என்று அந்த மேடுதான் காட்டிக்கொடுக்கும். அதை வைத்தவர் எஞ்சினியர் இல்லை, வடிவமைப்பாளர். அந்த மேடு தட்டையாகிப் போனால் முதலில் கத்துகிற ஆள் நீங்களாகத்தான் இருப்பீர்கள்.

#5 மூன்றாம்கியர்

...சரி. மேடு இருக்கட்டும்.

#6 களிமண்கை

கோட்டோவியன், அகலக் கணக்கு அழகாகத்தான் விழுந்திருக்கிறது. அதே 0.937ஐ உயரத்துக்கும் போட்டுப் பார்த்தீர்களா? போடவில்லை என்பது படத்திலேயே தெரிகிறது.

ஐகானிக் எஸ்பியின் உயரம் 1150. குறுக்கினால் 1077 மிமீ. என்டி 1235. உங்கள் காரில் கூரை 158 மில்லிமீட்டர் கீழே இறங்கிவிட்டது. ஃபோர்டு ஜிடி40 என்ற பந்தயக் காருக்கு அந்தப் பெயர் வந்ததே உயரம் 40 அங்குலம் என்பதால்தான், அதாவது 1016 மிமீ. நீங்கள் அதன் பக்கத்து வீட்டுக்கே குடிபோய்விட்டீர்கள். அந்த வரிசையில் 1967இல் ல மான் பந்தயத்தை வென்ற காரின் கூரையில் ஓட்டுநர் பக்கம் மட்டும் ஒரு புடைப்பு இருக்கும். அதை ஓட்டிய டான் கர்னி ஆறடிக்கு மேல் உயரம், ஹெல்மெட்டோடு உள்ளே அடங்கவில்லை. அதனால் தகட்டைப் புடைக்க வைத்தார்கள். இன்றுவரை அதற்கு 'கர்னி குமிழ்' என்றே பெயர்.

காரைக் குறுக்கலாம், மனிதனைக் குறுக்க முடியாது. சின்ன கார் வரைவதில் உள்ள தொல்லையே இதுதான். பெரிய காரில் மனிதன் ஒரு மூலையில் உட்கார்ந்திருப்பான், கோடு அவனைப் பொருட்படுத்தாமல் போகும். நாலு மீட்டருக்குள் வரைந்தால் காரில் பாதி அவன்தான்.

அப்புறம் வீல்பேஸ், அதாவது முன் பின் சக்கர மையங்களுக்கு நடுவே உள்ள தூரம். 2590ஐக் குறுக்கினால் 2426 வருகிறது, என்டியில் இருப்பது 2310. சக்கரங்களை 116 மிமீ தள்ளித் தள்ளி வைத்திருக்கிறீர்கள். காலை நீட்டிச் சாய்ந்து படுக்க அந்த நீளம் தேவை, அதனால்தான் கான்செப்டில் 1150 உயரமே சாத்தியமாயிற்று. வீல்பேஸை 2310க்குக் கொண்டுவந்தால் ஆள் நிமிர்ந்து உட்கார வேண்டும். ஆள் நிமிர்ந்தால் கூரை ஏறும். கூரை ஏறினால் முன் கண்ணாடி நிமிரும். கண்ணாடி நிமிர்ந்தால் நீங்கள் ஆசைப்பட்டு வரைந்த அந்த நீண்ட ஓட்டம் உடைந்துபோகும்.

பல வருடம் களிமண் மாடல் வேலை பார்த்தவன் என்ற முறையில் சொல்கிறேன். நாங்கள் சுவரில் ஒட்டிய முழு அளவுத் தாளில் கறுப்பு டேப்பால் முதலில் போடுவது அழகான கோடு அல்ல. நாலு புள்ளி: இரண்டு சக்கர மையம், ஓட்டுநரின் இடுப்பு, அவர் தலை உச்சி. மீதியெல்லாம் அதற்குப் பிறகுதான்.

#7 கோட்டோவியன்

அடி பலமாக விழுந்துவிட்டது. அகலத்தை மட்டும் சரிபார்த்துவிட்டு உயரத்தைப் பார்க்காமல் விட்டுவிட்டேன் என்று இப்போதுதான் புரிகிறது. அதாவது, நான் பொய் சொல்லவில்லை, என் கண் பொய் சொல்லியிருக்கிறது. படம் 2 வரைந்துகொண்டிருக்கிறேன்.

#8 ஒற்றைத்தடம்

எனக்கு அடிப்படையிலேயே ஒரு சந்தேகம். இந்த கான்செப்டை நம்பி ஏன் வரைய வேண்டும்? 2015இல் ஆர்எக்ஸ்-விஷன் என்று ஒரு கான்செப்டைக் காட்டினார்கள். அப்போதும் இப்படித்தான் எல்லோரும் உருகினோம். அது சாலைக்கு வரவே இல்லை. மாஸ்டாவின் கான்செப்ட் கார் என்பது கல்யாணப் பத்திரிகை மாதிரி அச்சடிக்கப்பட்ட கவிதை. கல்யாணம் நடக்கும் என்று யார் சொன்னது?

#9 பின்சீட்டுக்காரன்

அதே 2023 டோக்கியோ கண்காட்சியில்தான் ஹோண்டா பிரெலூட் கான்செப்டையும் காட்டினார்கள். அது 2025இல் ஏறக்குறைய அப்படியே விற்பனைக்கு வந்துவிட்டது. கல்யாணமும் நடக்கத்தான் செய்கிறது.

#10 ஒற்றைத்தடம்

பிரெலூட் கான்செப்டில் இருந்தது வீட்டுக் கதவு மாதிரி சாதாரணக் கதவு. ஐகானிக் எஸ்பியில் மேல்நோக்கிப் பறவைச் சிறகு போல எழுகிறது. எது மேடைக்கு, எது சாலைக்கு என்று கண்டுபிடிக்க என்னிடம் இருக்கும் ஒரே சோதனை இதுதான். கதவைப் பாருங்கள். கதவு பறந்தால் காரும் பறந்துவிடும்.

#11 நிழல்வேகம்

இந்தக் கதவுச் சோதனையை எழுதி வைத்துக்கொள்கிறேன் :)

ஆனால் எல்லோரும் தாண்டிப் போகிற ஒன்று இருக்கிறது. பானட் ஏன் அவ்வளவு தாழ்வாக இருக்கிறது? ஐகானிக் எஸ்பியில் மாஸ்டா சொன்னது இரண்டு ரோட்டர் கொண்ட ரோட்டரி எஞ்சினும் (பிஸ்டனுக்குப் பதில் ரோட்டர் சுழலும் வகை) மின் மோட்டாரும். 370 குதிரைத்திறன், 1450 கிலோ. ரோட்டரி எஞ்சின் ஒரு பெரிய பானை அளவுதான் இருக்கும். அதைக் கொண்டுபோய்க் கீழே, உள்ளே, நடுப்பக்கமாக ஒளித்துவிடலாம். எம்எக்ஸ்-5க்குப் போடுவது நான்கு சிலிண்டர் எஞ்சின். அது நின்றுகொண்டே இருக்கும். அதன் தலைக்கு மேல் பானட் போக வேண்டும், அதுவும் ஒட்டிக்கொண்டு போக முடியாது. நடந்து போகிறவர் மீது மோதினால் அவர் தலை பானட்டில் வந்து விழும். தகடு உள்வாங்குவதற்கு எஞ்சினுக்கும் பானட்டுக்கும் நடுவே காலி இடம் வேண்டும், இல்லாவிட்டால் தலை இரும்பில் அடிக்கும்.

இந்த இடத்தை வாங்க மாஸ்டா ஒரு தந்திரம் செய்திருக்கிறது. பல நாடுகளில் விற்கும் என்டியில், மோதிய கணத்தில் பானட்டின் பின்பக்கம் வெடிமருந்து விசையால் சட்டென்று மேலே எழும். இயல்பு நிலையில் தாழ்வு, விபத்தில் மட்டும் உயரம். அந்தக் கருவி இல்லாவிட்டால் இன்றைய என்டியின் முகமே இன்னும் கொஞ்சம் தடித்துப் போயிருக்கும்.

எனவே அடுத்த எம்எக்ஸ்-5இன் முகத்தை வரைகிறவர்கள் முதலில் எஞ்சினை வரையுங்கள். படம் 1இல் அந்த பானட்டுக்கு அடியில் தையல் மெஷின்கூட நிற்காது.

#12 தூங்குகண்

யாரும் என் கேள்விக்குப் பதில் சொல்லவில்லை. விளக்கு எழுமா எழாதா? 1989 பிப்ரவரியில் சிகாகோ கண்காட்சியில் முதல் எம்எக்ஸ்-5 வந்தபோது அதன் உயிரே அந்தக் கண்கள்தான். மூடியிருந்தால் தூக்கம், திறந்தால் ஆச்சரியம். ஒரு பக்கம் மட்டும் தூக்கினால் கண்ணடிப்பு. 1998இல் இரண்டாம் தலைமுறையான என்பி வந்தபோது அதை எடுத்தார்கள். அன்றிலிருந்து ஒவ்வொரு தலைமுறையும் முறைத்துக்கொண்டே வருகிறது.

#13 தகரக்காதலன்

தூங்குகண் தம்பி, நீங்கள் அந்த விளக்கைப் படத்தில் பார்த்திருக்கிறீர்கள். நான் அதைக் கையால் திருகித் தூக்கியிருக்கிறேன். என்னிடம் ஒரு பழைய இரண்டு கதவு கார் இருந்தது, யார் செய்தது என்று சொல்லப்போவதில்லை. ராத்திரி, கொட்டும் மழை, இடது பக்க விளக்கு மட்டும் எழவில்லை. ஒற்றைக் கண்ணோடு எதிரே வருகிறவனுக்கு நான் பைக் மாதிரி தெரிந்திருப்பேன். பானட்டைத் திறந்து, மோட்டார் மேல் இருக்கும் குமிழைத் திருகினேன், திருகினேன், நனைந்துகொண்டே திருகினேன். மேலே வர ஒரு யுகம் பிடித்தது. மறுபடி மூடவும் முடியவில்லை. ஒரு மாதம் அந்தக் கண்ணைத் திறந்துகொண்டே திரிந்தேன்.

அழகுதான், மறுக்கவில்லை. ஆனால் மூக்கு நுனியில் இரண்டு மோட்டார், இரண்டு கீல், இரண்டு மூடி. எடை குறைய வேண்டும் என்று கிராம் கிராமாக எண்ணுகிற காரில் அதை யார் சுமப்பது?

#14 களிமண்கை

விளக்குக் கதையைக் கொஞ்சம் விரித்துச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அது அழகுக்காகப் பிறந்ததல்ல என்பதைப் பலர் மறந்துவிட்டார்கள்.

எழும் விளக்கு 1936 கோர்டு 810 காரிலேயே வந்துவிட்டது. அதிலே ஆளே உட்கார்ந்து கையால் சுழற்றித் தூக்க வேண்டும். ஆனால் அது பெருகியது பிறகு, சட்டத்தால். அமெரிக்காவில் 1940 முதல் 1983 வரை எல்லோரும் ஒரே மாதிரியான சீல்டு பீம் விளக்கைத்தான் (பல்பும் கண்ணாடியும் ஒன்றாக மூடி வரும் விளக்கு) போட்டாக வேண்டும். குறிப்பிட்ட அளவு வட்டம், பிறகு குறிப்பிட்ட அளவு செவ்வகம், அவ்வளவுதான் தேர்வு. அதோடு தரையிலிருந்து குறைந்தபட்ச உயரமும் உண்டு. இப்போதும் அங்கே 22 அங்குலம், ஐரோப்பிய நாடுகள் பின்பற்றும் ஐநா ஒழுங்குமுறை 48இல் 500 மிமீ. கத்தி மாதிரி மூக்கு வேண்டும், அதில் சாப்பாட்டுத் தட்டு அளவு விளக்கும் வேண்டும், அதுவும் உயரத்தில் வேண்டும். மூன்றையும் எப்படிப் பொருத்துவது? பகலில் புதைத்து வை, இரவில் தோண்டி எடு. அவ்வளவுதான் விஷயம்.

1983க்குப் பின் நிறுவனங்கள் தாங்களே விளக்கின் வடிவத்தை வரைய அனுமதி கிடைத்தது. தேவை அன்றே செத்துவிட்டது. பழக்கம் இருபது வருடம் உயிரோடு இருந்தது. கடைசியாக 2004இல் கார்வெட் சி5, லோட்டஸ் எஸ்ப்ரி இரண்டும் விடைபெற்றன. இன்றைய எல்இடி விளக்குக்கு ஒரு விரல்கட்டை உயரம் போதும். ஒளிக்கவேண்டிய பொருளே இல்லாதபோது மூடி எதற்கு?

ஆனால் ஒன்று கவனியுங்கள். உயரச் சட்டம் மட்டும் இன்னும் இருக்கிறது. மெல்லிய விளக்கைத் தரையோடு ஒட்டி வைக்க முடியாது. கோட்டோவியன் படம் 1இல் விளக்கு இருக்கும் இடம் என் கண்ணுக்கு 450 மிமீ கூட வராது போலிருக்கிறது. மட்கார்டு மேட்டுக்குப் பக்கமாக ஏற்றுங்கள்.

#15 தூங்குகண்

மனம் உடைந்தது. ஆனால் 'பகலில் புதைத்து வை, இரவில் தோண்டி எடு' என்பதை என் கையெழுத்து வரியாக வைத்துக்கொள்ள அனுமதி வேண்டும்.

#16 களிமண்கை

எடுத்துக்கொள்ளுங்கள்.

#17 நிழல்வேகம்

எழாவிட்டாலும் தூங்குகிற மாதிரி இருக்கலாமே. ஐகானிக் எஸ்பியின் முகம் எனக்கு ஏன் பிடித்தது என்றால் விளக்கு அணைந்திருக்கும்போது அங்கே முகமே இல்லை, வெறும் பரப்புதான். என்டியில் பகல் விளக்கு முதலில் பம்பரில் தனியாக இருந்தது, பின்னால் வந்த மாற்றத்தில் அதை ஹெட்லைட்டுக்குள்ளேயே சேர்த்துவிட்டார்கள். முகத்தில் ஓட்டைகளைக் குறைத்துக்கொண்டே வருகிறார்கள் என்று படிக்கலாம். அடுத்ததில் இன்னும் குறையும் என்று பந்தயம் கட்டுகிறேன்.

#18 மூன்றாம்கியர்

பந்தயம் கட்டுவதாக இருந்தால் நான் ஒன்று கட்டுகிறேன்: எது வந்தாலும் முதல் வாரம் எல்லோரும் திட்டுவீர்கள்.

#19 ஒற்றைத்தடம்

இது பந்தயம் இல்லை, பஞ்சாங்கம். 1997இல் போர்ஷே 911இன் 996 தலைமுறை வந்தபோது அந்த ஹெட்லைட்டைப் பொரித்த முட்டை என்று திட்டினார்கள். அதே நிறுவனத்தின் விலை குறைந்த காரான பாக்ஸ்டரின் முகத்தையே செலவு மிச்சம் செய்ய 911க்கும் போட்டுவிட்டார்கள் என்பதுதான் உண்மையான கோபம். 2013இல் கார்வெட் சி7 வந்தது, காலகாலமாக வட்டமாக இருந்த பின் விளக்கு கோணலாகிவிட்டது. உலகமே இடிந்து விழுந்தது மாதிரி புலம்பல். ஆறு வருடம் கழித்து சி8இல் எஞ்சினையே பின்னால் கொண்டுபோனார்கள், அப்போது பார்த்தால் அதே கோணல் விளக்கை யாரும் கண்டுகொள்ளவில்லை.

என்டி 2014 செப்டம்பரில் காட்டப்பட்டபோது நானே எழுதினேன், 'பின்பக்கம் ஜாகுவார் எஃப்-டைப்பைப் பார்த்து எழுதியது' என்று. இரண்டு வருடம் கழித்து அதே கார் உலகின் சிறந்த கார் வடிவமைப்பு விருதை வாங்கியது. அந்தப் பதிவை யாரும் தேட வேண்டாம், அழித்துவிட்டேன்.

#20 தகரக்காதலன்

முகத்தைப் பற்றியே பேசுகிறீர்கள். எனக்குக் கவலை பக்கவாட்டைப் பற்றித்தான்.

தொழில் டிங்கரிங், பெயிண்ட். அதனால் என் கண் எப்போதும் கதவில்தான் போய் நிற்கும். மாஸ்டா கொஞ்ச காலமாக ஒரு பக்கம் திரும்பிவிட்டது: பக்கவாட்டில் கூரான கோடே வேண்டாம், பரப்பை மட்டும் வளைத்து வெளிச்சத்தை அதன் மேல் ஓடவிடு என்று. ஐகானிக் எஸ்பியும் அப்படித்தான். பார்க்கும்போது சொர்க்கம். அதில் ஒரு சின்ன ஒடுக்கு விழட்டும், அப்போது தெரியும்.

கதவில் கூரான கோடு இருந்தால் எனக்கு அது ஒரு வேலி. கோட்டுக்கு மேலே ஒரு பரப்பு, கீழே ஒரு பரப்பு. ஒடுக்கு கீழே விழுந்திருந்தால் கீழே மட்டும் பட்டி பூசி, தேய்த்து, கோட்டோடு நிறுத்திவிடுவேன். சின்னத் தப்பு இருந்தால் கோடு மறைத்துக்கொள்ளும். கோடே இல்லாத பரப்பில் நிறுத்த இடமில்லை. கதவு முழுக்கத் தேய்க்க வேண்டும். அரை மில்லிமீட்டர் பள்ளம் இருந்தாலும் ட்யூப் லைட்டின் நிழல் அதன் மேல் ஓடும்போது அந்த இடத்தில் நெளியும். கார்க்காரருக்கு அது என்னவென்று சொல்லத் தெரியாது, ஆனால் 'ஏதோ சரியில்லையே' என்பார். அவர் சொல்வது சரியாகத்தான் இருக்கும்.

எனவே என் ஊகம்: சின்ன காருக்கு அந்தப் பரப்பு வரும், ஆனால் கதவின் அடியில் ஒரு கூரான மடிப்பு வைப்பார்கள். கல் தெறிக்கும் இடம் அதுதான்.

#21 களிமண்கை

தகரக்காதலன் சொன்னதைத் தலைகீழாகத் திருப்பினால் எங்கள் வேலை வரும். களிமண்ணை அறுபது டிகிரி அளவுக்குச் சூடாக்கி அப்புவோம், ஆறியதும் சுரண்டுவோம். கோடுள்ள காரைச் சுரண்டுவது எளிது. கோடில்லாத கதவுதான் உயிரை வாங்கும். மேலே வெள்ளி நிறப் படலம் ஒட்டி, விளக்கைப் போட்டு, ஆள் நடந்துகொண்டே பார்ப்பார். நிழல் ஒரு இடத்தில் தயங்கினால் படலத்தை உரித்துவிட்டு மறுபடி சுரண்டு. நாங்கள் களிமண்ணில் பட்ட பாட்டை நீங்கள் பட்டியில் படுகிறீர்கள், அவ்வளவுதான்.

இன்னொன்றும் உண்டு. இந்த வகைப் பரப்புக்கு இடம் வேண்டும். வளைவு ஒரு மீட்டர் ஓடினால்தான் வெளிச்சம் அதில் நிதானமாகத் திரும்பும். எம்எக்ஸ்-5இன் கதவும் பின் மட்கார்டும் சேர்ந்தாலும் பெரிய காரின் கதவளவுதான். அதே வளைவை இங்கே வைத்தால் ஒன்று தட்டையாகத் தெரியும், இல்லாவிட்டால் உப்பலாகத் தெரியும். சின்ன காருக்கு நடுவில் இடுப்பு கட்டி, சக்கரத்தின் மேல் தோளை எழுப்புவதைத் தவிர வழியில்லை. என்டி அதைத்தான் செய்தது. அடுத்ததும் செய்யும். இதில் நான் பந்தயமே கட்டுவேன்.

#22 பின்சீட்டுக்காரன்

ஒருவேளை முழு மின்சாரக் காராக வந்தால் இந்தக் கணக்கெல்லாம் என்ன ஆகும்?

#23 நிழல்வேகம்

பேட்டரியைத் தரையில் விரித்தால் இடுப்பு ஏறும், இடுப்பு ஏறினால் கூரை ஏறும், களிமண்கை அண்ணன் சொன்ன சங்கிலி முழுக்க மறுபடி ஆரம்பிக்கும். அதனால்தான் போர்ஷே 2021இல் காட்டிய மிஷன் ஆர் கான்செப்டில் பேட்டரியை இருக்கைக்குப் பின்னால் அடுக்கினார்கள். எஞ்சின் இருக்கவேண்டிய இடத்தில் பேட்டரி. அப்படி வைத்தால் ஆள் கீழேயே இருக்கலாம். ஆனால் எம்எக்ஸ்-5இல் இருக்கைக்குப் பின்னால் என்ன இருக்கிறது? மடிந்த துணிக்கூரை. அதை எங்கே போடுவது?

#24 பின்சீட்டுக்காரன்

என் பின் சீட்டில்.

#25 ஒற்றைத்தடம்

கூரையைத் தொட்டதால் சொல்கிறேன். இணையத்தில் வந்த ஊகப் படங்கள் எல்லாவற்றிலும் கூரை இறக்கித்தான் இருக்கிறது. ஒருவரும் ஏற்றி வரையவில்லை. மழையே பெய்யாத உலகத்துக்கு வரைகிறார்கள். துணிக்கூரையை ஏற்றினால் பக்கவாட்டில் குடை கவிழ்த்த மாதிரி ஒரு மேடு வரும், அதை அழகாக்கியவர்கள் குறைவு. 2016இல் நியூயார்க்கில் காட்டிய, கெட்டிக் கூரை கொண்ட எம்எக்ஸ்-5 ஆர்எஃப் வடிவம் அந்த வகையில் ஒரு நல்ல யோசனை. கூரையின் நடுப்பகுதி மட்டும் பின்னால் போய் ஒளியும், இரண்டு பக்கத் தூண்களும் அப்படியே சரிந்து நிற்கும். ஐகானிக் எஸ்பியின் பின்பக்கச் சரிவைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு ஆர்எஃப்தான் ஞாபகம் வருகிறது, துணிக்கூரை கார் அல்ல.

#26 மூன்றாம்கியர்

போலிக் காற்றுத் துவாரம் பற்றி யாரும் பேசவில்லை. டொயோட்டாவைப் பாருங்கள்: 2014இல் எஃப்டி-1 கான்செப்ட், 2019இல் அதிலிருந்து வந்த சூப்ரா. கான்செப்டில் காற்று உள்ளே போகிற மாதிரி இருந்த இடமெல்லாம் விற்பனைக் காரில் கறுப்புப் பிளாஸ்டிக் வைத்து அடைத்திருந்தார்கள். பந்தயத்துக்கு மாற்றுகிறவர்கள் திறந்துகொள்ளலாம் என்று விளக்கம் வேறு. நான் பார்க்கிறேன், எனக்குத் தெரிந்து திறந்தவர்களை விடத் திறக்கப்போவதாகச் சொன்னவர்கள்தான் அதிகம்.

எம்எக்ஸ்-5இல் அப்படி ஒரு ஓட்டை வைத்தால் நான் இந்தப் பக்கமே வரமாட்டேன்.

#27 தூங்குகண்

மூஞ்சியை யார் வேண்டுமானாலும் வரையட்டும் என்று #3இல் யாரோ சொன்னார்களே...

#28 கோட்டோவியன்

மூன்று ராத்திரி ஆயிற்று. படம் 2 கிழித்தாகிவிட்டது, அதைக் காட்டப்போவதில்லை. படம் 3 இணைப்பில்.

இந்த முறை காரை வரையவில்லை, ஆளை வரைந்தேன். ஆறடி மனிதர், கொஞ்சம் சாய்ந்து, கால் நீட்டி. அவர் தலைக்கு மேல் ஒரு கை விடும் அளவு இடம் விட்டுக் கூரை. 1230 வந்து நின்றது, அதற்குக் கீழே இறக்க மனம் வந்தும் தலை வரவில்லை. வீல்பேஸ் 2310. சக்கரம் என்டியின் 205/45 ஆர்17தான், டயரோடு சேர்த்து 616 மிமீ வருகிறது. அப்போதுதான் ஒன்று கண்ணில் பட்டது: சக்கரத்தின் உயரம் காரின் உயரத்தில் சரிபாதி. இதை இத்தனை வருடம் பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறேன், அளந்ததில்லை. அந்த கார் நிற்கும்போதே கால் ஊன்றி நிற்கிற மாதிரி தெரிவதற்கு இதுதான் காரணமோ?

எஞ்சினை ஒரு பெட்டியாக வரைந்து, அதன் மேல் இடைவெளி விட்டு பானட். நான் பயந்த அளவு உயரமாகவில்லை, எஞ்சினை முன் அச்சுக்குப் பின்னால் தள்ளியதால் உயரமான பகுதி கண்ணாடிப் பக்கமாகப் போய்விட்டது. மூக்கு தாழ்வாகவே இருக்கிறது. விளக்கு 620 மில்லிமீட்டரில், மெல்லிய கோடு, தூங்குகண்ணுக்காக மேல் இமை மட்டும் கொஞ்சம் கனமாக. மட்கார்டு மேடு இரண்டும் பத்திரம். கதவில் கோடில்லை, அடியில் ஒரு மடிப்பு உண்டு. துவாரம் எதுவும் கிடையாது. துணிக்கூரையை ஏற்றியும் ஒரு படம் வரைந்திருக்கிறேன், ஒற்றைத்தடத்துக்காக. அசிங்கமாகத்தான் இருக்கிறது.

ஐகானிக் எஸ்பியிலிருந்து கடைசியில் மிஞ்சியது என்ன என்று பார்த்தால், பின் தோள் கீழிறங்கி விளக்கில் முடிகிற அந்த ஒரு வளைவும், முகத்தின் வெறுமையும்தான். மீதியெல்லாம் என்டியாகவே திரும்பி வந்துவிட்டது. நான் திருப்பவில்லை, தானாக வந்தது.

#29 களிமண்கை

இப்போது இது கார். முன் சக்கர மையத்துக்கும் கண்ணாடி அடிக்கும் நடுவே இன்னும் ஒரு முப்பது மில்லிமீட்டர் திருடப் பாருங்கள். எங்கிருந்து என்று கேட்காதீர்கள், டிக்கியிலிருந்துதான். பெட்டியைப் பிறகு யாராவது சின்னதாக வாங்கிக்கொள்வார்கள்.

#30 தூங்குகண்

இமையைப் பார்த்தேன். தூங்குகிறது. எனக்கு இது போதும்.

#31 தகரக்காதலன்

மடிப்பு சரியான இடத்தில் இருக்கிறது. பின் தோள்பட்டையில் யாரும் உரசாமல் இருக்க வேண்டும், அந்த வளைவைப் பட்டி போட்டுத் திரும்பக் கொண்டுவருவதற்குள் எனக்கு வயதாகிவிடும்.

#32 மூன்றாம்கியர்

நம்பர் பிளேட் எங்கே?

#33 கோட்டோவியன்

...

#34 கோட்டோவியன்

படம் 4 நாளை போடுகிறேன்.